பழகும் கை பொம்மையில் பழகட்டும்

ஊத்துக்குளிப் பக்கம் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன ஒரு விவசாயியைக் கண்ணாடி விரியன் கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இரவுப் பணியில் ஒரு இளம் மருத்துவரும் ஒரு செவிலியரும். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள், உறையவில்லை. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏறத் தொடங்குகிறது. சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு இழுக்கிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. காப்பாற்ற ஏற்றிய மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. உடனே அதை நிறுத்தி, தொடைத் தசையில் அரை மில்லி அட்ரினலின் போட வேண்டும்.

இது அந்த மருத்துவருக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார். ஆனால், வாசலில் உறவினர்கள் கதறிக்கொண்டிருக்க, ஆம்பூலை உடைத்து, அளவு தப்பாமல் ஊசி போட்டு, ஆக்சிஜனைக் கவனித்து, பெரிய மருத்துவமனைக்கும் தகவல் சொல்லச் செய்வது வேறு வித்தை. அந்த வித்தையின் முதல் நாள் இந்த விவசாயியின் உடம்பில் நடக்கக் கூடாது. பொம்மையை நோயாளியாக வைத்து நடத்தும் அவசர சிகிச்சைப் பாவனைப் பயிற்சியை அரசு மருத்துவக் கல்லூரிகள் அனைத்திலும் கட்டாயமாக்கி, அதில் தேறாதவருக்குப் பட்டம் இல்லை என்று விதி செய்ய வேண்டும் என்று நாம் கேட்பது இதற்காகத்தான்.

ஊத்துக்குளிக்கு ஒரு பக்கம் திருப்பூர், மறுபக்கம் பெருந்துறை. இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருப்பூர்க் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. அதன் முதல் அணி, ஐந்தரை ஆண்டுக் கணக்குப்படி, 2027 வாக்கில் வெளியே வரும். அவர்களுக்காகக் காத்திருக்கும் வட்டாரம் லேசானதல்ல. 2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தார்கள். அதே சேலம்–கொச்சி நெடுஞ்சாலைதான் ஊத்துக்குளி வட்டத்துச் செங்கப்பள்ளியையும் கடந்து போகிறது. ஒரே நேரத்தில் இருபது பேர் வந்து இறங்கினால், அவசரத்தைப் பொறுத்து யாருக்குச் சிவப்பு, யாருக்கு மஞ்சள், யாருக்குப் பச்சை என்று பிரிப்பதைப் படித்துக் கற்க முடியாது.

விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற இன்னுயிர் காப்போம் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. பணம் இல்லாததால் உயிர் போகக் கூடாது என்ற அந்த முடிவு பெரிய காரியம். பழகாத கையாலும் போகக் கூடாது என்பது அதன் அடுத்த படி.

பொம்மை மூச்சு விடும், அதன் நாடி துடிக்கும் என்பதெல்லாம் இந்தப் பயிற்சியில் சிறிய விஷயம். பொம்மையைச் சுற்றி நால்வர் நிற்கிறார்கள். ஒருவர் நெஞ்சை அமுக்குகிறார்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்து ஆழம் குறைகிறது. ஓரத்தில் நிற்கும் செவிலிய மாணவி அதைப் பார்க்கிறார், சொல்லவில்லை. பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது ஆசிரியர் கேட்கிறார்: “பார்த்தாயே, ஏம்மா சொல்லவில்லை?” “டாக்டர் செய்துகொண்டிருந்தார், சார்.” அந்த ஒரு பதிலை வெளியே கொண்டுவருவதற்காகவே இந்த அறையைக் கட்டலாம். ஆகவே மருத்துவ மாணவர்களை மட்டும் பழக்கினால் போதாது. செவிலியரும் 108 ஆம்புலன்ஸ் ஊழியரும் அதே அறையில், அதே பொம்மையைச் சுற்றி நிற்க வேண்டும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துச் சவுத்மீட் மருத்துவமனை பதில் சொல்கிறது. குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் பிரசவங்களைப் பொம்மையில் பழகிய பிறகு, அத்தகைய பிரசவங்களில் காயப்பட்ட குழந்தைகளின் விகிதம் 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 ஆகக் குறைந்ததாக 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. பொம்மை ஒருபோதும் நோயாளிக்கு ஈடாகாது என்று மூத்த மருத்துவர்கள் சொல்வது உண்மை. வார்டில் நிற்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வார்டுக்குள் நுழையும் முன் கை பழகட்டும் என்கிறோம்.

செலவு அதிகம் என்பது அடுத்த தடை. பிரான்சில் துய் கூத்ரே என்ற மருத்துவச்சி, 1759-ல் அரசரின் ஆணை பெற்று ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர் கையில் இருந்த கருவி, துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்த ஒரு தாயின் இடுப்பும் குழந்தையும். துணி பொம்மை! உலகத்துக்கே பனியன் தைக்கும் திருப்பூரில் அதைத் தைக்க ஆளா இல்லை? ரத்தப்போக்கை அழுத்திக் கட்டப் பழகும் கை, தையல் போடப் பழகும் தோல், பிரசவ மாதிரி ஆகியவற்றை மருத்துவர்கள் அளவு சொல்ல, இங்குள்ள தையல் கூடங்களே செய்து தரலாம். விலையுயர்ந்த கணினிப் பொம்மை கல்லூரிக்கு ஒன்றிரண்டு போதும். மீதிப் பணம் பயிற்றுநர் சம்பளத்துக்குப் போக வேண்டும். ஆள் இல்லாத திறன் ஆய்வகம், ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கும் அறையாகிவிடும்.

பயிற்சிக்கான கதைகளும் இந்த மண்ணுடையவையாக இருக்க வேண்டும். சாணிப் பவுடர் நஞ்சு கொங்கு நாட்டு மருத்துவர் அறிந்தது; வெளிநாட்டுக் கணினியில் அந்த நோயாளி இல்லை. சாயப்பட்டறைத் தொட்டியில் விஷவாயு தாக்கி மயங்கியவர், மில்லில் மின்சாரம் தாக்கியவர் எல்லாம் வரட்டும். அவர்களில் சிலர், இங்கே வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவராக, ஒடியாவோ இந்தியோ மட்டும் பேசட்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்கவே தவிக்கும் அந்த நிமிடத்தை மாணவர் ஒரு முறையாவது பொம்மை முன்னால் அனுபவித்திருக்க வேண்டும்.

டெல்லியும் தன் தவறைத் திருத்த வேண்டும். 2020 விதிகளில் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கிய அவசர மருத்துவத் துறையை, 2023 விதிகளில் தேசிய மருத்துவ ஆணையம் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. துறையே இல்லாத கல்லூரியில் இந்தப் பயிற்சியை யார் தாங்கி நடத்துவது? ஆணையம் திருத்தும்வரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. தன் கல்லூரிகளில் துறையை வைத்துக்கொள்ளவும், பயிற்றுநரை நிரந்தரமாக நியமிக்கவும் அதற்கு யார் தடை?

திருப்பூரிலும் பெருந்துறையிலும் அமையும் கூடங்கள், வட்ட மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். அவர்களால் வர முடியாவிட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொம்மையும் பயிற்றுநரும் ஒரு வேனில் ஏறி ஊத்துக்குளிக்கு வரட்டும். அரை நாள் போதும்.