குடலுக்கு எதுக்குய்யா தனி ஃபெலோஷிப்? - பொட்டி தட்டுறவனின் பதில்

முதல்லயே சொல்லிடறேன். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டை ஓரமா வச்சிட்டு வாங்க. இன்னிக்கு மேட்டர் மலக்குடல், ஆசனவாய், மூலம், புற்றுநோய் வகையறா. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்களுக்கு அடுத்த பதிவுல ஈடு கட்டிடறேன் :-)

போன வாரம் பதிவுலக நண்பர் ஒருத்தர் ஒரு பதிவு போட்டிருந்தார். அவரோட சித்தி பையன் எம்எஸ் ஜெனரல் சர்ஜரி முடிச்சுட்டு, பெருங்குடல் மலக்குடல் அறுவை சிகிச்சையில மட்டும் ஒரு ஃபெலோஷிப் பண்ணப் போறானாம். அதை வச்சு நம்மாளு பிரிச்சு மேஞ்சிருந்தார். கீழ ஐம்பத்து சொச்சம் பின்னூட்டம், எல்லாம் ஒரே கும்மி. நானும் ரெண்டு இடத்துல சிரிச்சேன், பொய் சொல்லக்கூடாது. ஆனா காமெடியை ஒதுக்கிட்டுப் பார்த்தா அண்ணாச்சி மூணு விஷயம் சொல்றார்.

ஒண்ணு, எம்எஸ் முடிச்ச டாக்டருக்கு குடலை வெட்டித் தைக்கத் தெரியும், அதுக்கு மேல ஒரு வருஷம் எதுக்கு. ரெண்டு, ஃபெலோஷிப்ங்கிறதே பெரிய ஆஸ்பத்திரிகள் குறைஞ்ச சம்பளத்துக்கு டாக்டர்களைக் கசக்குற ஏற்பாடு. மூணு, இதெல்லாம் அமெரிக்கா லண்டனுக்கு சரி, நம்ம ஊருக்கு ஆடம்பரம்.

ரெண்டாவதுல பாதி உண்மை இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன். மத்த ரெண்டும் தப்பு. சாதாரண தப்பு இல்ல, எங்க வீட்டுல விலை கொடுத்து வாங்கின தப்பு.

எங்க அப்பா பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவர். மலத்துல ரத்தம் வந்தப்ப "மூலச்சூடு"ன்னு சொல்லிட்டு துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமா சாப்பிட்டார். யார்கிட்டயும் சொல்லலை. அம்மாவுக்கே மூணு மாசம் கழிச்சுதான் தெரியும். அப்புறம் தெருமுனை டாக்டர், ஒரு ஆயின்ட்மென்ட். விரல் விட்டுப் பார்க்கிற அந்த அரை நிமிஷ சோதனையை அவர் பண்ணலை, அப்பாவும் அதுக்கு உட்பட்டிருக்க மாட்டார். எட்டு மாசம் இப்படியே போச்சு. கடைசியில பார்த்தா மலக்குடல்ல, ரொம்பக் கீழ, கட்டி.

எங்க ஊர்ப்பக்கம் ஓரளவு பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல சேர்த்தோம். சர்ஜன் நல்ல மனுஷன், பொறுமையாப் பேசினார். சுவர்ல அஞ்சாறு சர்டிஃபிகேட் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது, அதுல ஒண்ணுல ஃபெலோஷிப்னு பெரிசா எழுதியிருந்தது. "கட்டி கீழ இருக்கு. ஆசனவாயையும் சேர்த்து எடுத்துட்டு வயித்துல நிரந்தரமா பை வச்சிடுவோம், அதான் சேஃப்"னார். தலையாட்டினோம். ஒரு செல்போன் வாங்க பத்து இடத்துல விமர்சனம் படிக்கிற நான், அவர்கிட்ட "வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை பண்றீங்க சார்"னு ஒரு கேள்வி கேட்கலை.

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு, சென்னையில இந்தத் துறையில மட்டும் பயிற்சி எடுத்த ஒரு சர்ஜன்கிட்ட ஃபைலைக் காட்டினேன். அவர் முதல்ல கேட்டது, "எம்ஆர்ஐ எங்கே?" எடுக்கவே இல்லை. சிடி ஸ்கேன் மட்டும்தான். மலக்குடல் கட்டி சுத்தியிருக்கிற கொழுப்பு உறையைத் தாண்டியிருக்கா, சுருக்குத்தசையிலிருந்து எவ்வளவு தூரம்னு எம்ஆர்ஐ பார்த்துதான் முடிவெடுக்கிறது வழக்கமாம். "எடுத்திருந்தா ஒருவேளை சுருக்குத்தசையைக் காப்பாத்தியிருக்கலாம். ஒருவேளை முடியாமலும் போயிருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது தம்பி"ன்னார். அந்த சுவர் சர்டிஃபிகேட் பத்திக் கேட்டேன். அது சில நாள் வகுப்புக்குக் கொடுக்கிறதுன்னு அப்பதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து படிச்சதைத்தான் இனி சொல்றேன். நான் டாக்டர் இல்லை, இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டுறவன். ஆனா நம்பர் படிக்கத் தெரியும்.

மலக்குடல் இருக்கிற இடத்தை யோசிச்சுப் பாருங்க. இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ள, குறுகலான புனல் மாதிரி இடம். முன்னால மூத்திரப்பை, ஆண்களுக்கு ப்ராஸ்டேட், பெண்களுக்கு கர்ப்பப்பையும் யோனியும். பக்கவாட்டுல மூத்திரத்தையும் தாம்பத்யத்தையும் கட்டுப்படுத்துற நரம்புகள். கீழ சுருக்குத்தசை. கொஞ்சம் உள்ள தள்ளி வெட்டினா புற்றுநோய் மிச்சம், கொஞ்சம் வெளிய தள்ளி வெட்டினா நரம்பு போச்சு. வெட்டித் தைக்கத் தெரிஞ்சா போதும்னு சொல்றது, சி தெரிஞ்சவன் எவனும் விமானத்துக்கு கன்ட்ரோல் சாஃப்ட்வேர் எழுதிடலாம்னு சொல்ற மாதிரி.

இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக்னு ஒரு ஊர். அங்க இருந்த பில் ஹீல்ட்ங்கிற சர்ஜன் 1982-ல ஒரு கட்டுரை வெளியிட்டார். மலக்குடலை அதைச் சுத்தியிருக்கிற கொழுப்பு உறையோட, உறை கிழியாம, முழுசா எடுக்கணும். கையை விட்டுப் பிய்க்கக் கூடாது, கண்ணால பார்த்து, இயற்கையா இருக்கிற இடைவெளியில கத்தியை வச்சு எடுக்கணும். இவ்வளவுதான் விஷயம். புது மருந்து இல்ல, புது மெஷின் இல்ல.

இப்ப ஸ்டாக்ஹோம். 1990-களின் நடுவுல ஹீல்டையே வரவழைச்சு, அந்த வட்டாரத்து சர்ஜன்களுக்கு நேரடி ஆபரேஷன் பயிற்சி கொடுத்தாங்க. ரிசல்ட் 2000-ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு. பயிற்சிக்கு முன்னாடி நடந்த ரெண்டு ஆய்வுகள்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள அதே இடத்துல புற்றுநோய் திரும்ப வந்தவங்க 15%, 14%. பயிற்சிக்குப் பிறகு 6%. ஆசனவாயை எடுத்து நிரந்தரப் பை வைக்கிற ஆபரேஷன் முன்னாடி 60%, 55%. பிறகு 27%.

அந்தக் கடைசி வரியை நான் நாலு தடவை படிச்சேன். அதே ஊர், அதே மாதிரி நோயாளிகள், கத்துக்கிட்டது மட்டும் புதுசு. பழைய நோயாளிகளோட ஒப்பிட்டது, குலுக்கல் முறை ஆய்வு இல்லைன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்க. சரிதான், ஒத்துக்கறேன். பாதிக்குப் பாதி குறையுற வித்தியாசத்தை அதை மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியுமான்னு நீங்களே யோசிங்க.

இன்னொண்ணு கனடாவுல எட்மன்டன். 1983 முதல் 1990 வரைக்கும் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 683 மலக்குடல் புற்றுநோயாளிகளை எடுத்துக்கிட்டு, யார் ஆபரேஷன் பண்ணினாங்கன்னு பார்த்தாங்க. மொத்தம் 52 சர்ஜன்கள், அதுல 5 பேர் மட்டும் இந்தத் துறையில தனிப்பயிற்சி பெற்றவங்க. 1998-ல வெளியான முடிவு: தனிப்பயிற்சி இல்லாதவங்ககிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அதே இடத்துல நோய் திரும்புற அபாயம் சுமார் இரண்டரை மடங்கு. அந்தக் காலகட்டத்துல 21-க்கும் குறைவா பண்ணின சர்ஜன்னா 1.8 மடங்கு. ரெண்டும் தனித்தனிக் காரணம். பயிற்சியும் வேணும், எண்ணிக்கையும் வேணும். அதுக்குத்தான் அந்த ஒரு வருஷம் அண்ணாச்சி.

அமெரிக்காவுல மெடிக்கல் காலேஜ் முடிச்சு, ஜெனரல் சர்ஜரி 5 வருஷம், அதுக்கு மேல இது 1 வருஷம். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு. ஒவ்வொரு ஆபரேஷனையும் பதிவு பண்ணணும், குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கு. இதுக்குன்னு தனி போர்டு 1935-லயே வந்துடுச்சு, அப்ப பேரு ப்ராக்டாலஜி போர்டு. லண்டன்ல அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி, 1835-ல, ஃப்ரெடரிக் சால்மன்னு ஒரு சர்ஜன் பௌத்திரம், மலக்குடல் நோய் வந்த ஏழைகளுக்குன்னே ஏழு படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். இன்னிக்கு செயின்ட் மார்க்ஸ்னு உலகம் முழுக்கத் தெரியும். சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-ல பௌத்திர ஆபரேஷன் பண்ணினவர் இவர்தான். மயக்க மருந்து வர்றதுக்கு முன்னாடி!

நம்ம ஊர்ல மூலம், பௌத்திரம்னா எங்க போய்த் தேடுவோம்? பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்ல. "ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்"னு ஒரு நோட்டீஸ், ஒரு லாட்ஜ் பேரு, வாரத்துல ஒரு நாள் முகாம். நாம சிரிக்கிற அதே வெட்கம்தான் அந்த நோட்டீஸுக்கு முதலீடு. எங்கப்பாவோட எட்டு மாசமும் அந்த வெட்கத்துலதான் போச்சு. ஒருத்தன் தைரியமா இதைத்தான் படிக்கப் போறேன்னு கிளம்பினா, அவனையும் சேர்த்துக் கிண்டல் பண்ணா எப்படி?

சரி, ரெண்டாவது பாயின்ட். குறைஞ்ச சம்பளத்துக்குக் கசக்குறாங்கங்கிறது. இதுல நான் நண்பர் கட்சி. நம்ம நாட்டுல எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம், எம்எஸ் 3 வருஷம். அதுக்கு மேல எம்சிஎச் 3 வருஷம், சர்ஜிக்கல் காஸ்ட்ரோ இல்லைன்னா சர்ஜிக்கல் ஆன்காலஜி. அதுல கல்லீரல், கணையம், உணவுக்குழாய்னு ஆயிரம் இருக்கு, மலக்குடலும் ஒரு ஓரத்துல. வேலூர் சிஎம்சி, மும்பை டாடா மெமோரியல் மாதிரி சில இடங்கள்ல இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. ஆனா ஃபெலோஷிப்ங்கிற வார்த்தைக்கு மட்டும் கேட்பாரே இல்லை. ஒரு வருஷம் தியேட்டர்ல நின்னு கத்துக்கிட்டவனுக்கும் அதே பேரு, சில நாள் வகுப்புல உட்கார்ந்து வந்தவருக்கும் அதே பேரு. சில இடத்துல ஃபெலோன்னு சேர்த்துட்டு டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வைக்கிறதோட சரின்னு, எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரே புலம்பினார்.

நம்ம துறையில பார்க்காததா? பழைய கேள்வித்தாளை மனப்பாடம் பண்ணி சர்டிஃபிகேஷன் வாங்கினவனையும், நாலு வருஷம் ப்ரொடக்‌ஷன்ல அடிவாங்கினவனையும் ரெஸ்யூம்ல ஒரே வரியில பார்க்கலையா? ஆனா அதுக்காக யாரும் டெஸ்டிங்கே வேண்டாம்னு சொல்றதில்லையே. போலி இருக்குன்னா அசலை இறுக்கிப் பிடிக்கணும், அசலையும் சேர்த்துத் தூக்கிப் போடக்கூடாது.

எப்படி இறுக்குறதுன்னும் பார்த்தேன். இங்கிலாந்துல லேப்ராஸ்கோப்பி வழியா குடல் ஆபரேஷன் பண்ணலாம்னு 2006-ல அரசு வழிகாட்டுதல் வந்தப்ப, கத்துக்கிட்ட சர்ஜன்கள் போதுமான அளவு இல்லை. லேப்கோன்னு ஒரு தேசியப் பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க. ஏற்கனவே கன்சல்டன்டா இருக்கிறவங்களே மாணவனா வந்து நின்னாங்க. கடைசியில தேர்வு என்ன தெரியுமா? தான் பண்ணின ஆபரேஷனோட எடிட் பண்ணாத வீடியோ ரெண்டு கொடுக்கணும். யாருதுன்னே தெரியாம வேற சர்ஜன்கள் பார்த்து மார்க் போடுவாங்க. நம்ம பாஷையில சொன்னா கோட் ரிவ்யூ. இதுக்கு என்ன பெரிய செலவு?

அதோட மூணாவது பாயின்ட்டும் காலி. ஆடம்பரமாம்! அப்பாவுக்கு மாசாமாசம் பை வாங்குறேன். நான் மென்பொருள் சம்பளக்காரன், வாங்கிடறேன். அதே வார்டுல பக்கத்துப் படுக்கையில ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். அவர் வீட்டுல பையைக் கழுவிக் கழுவித் திரும்ப ஒட்டுறாங்க, தோலெல்லாம் புண்ணு. ஏழை நாட்டுலதான்யா முதல் ஆபரேஷனே சரியா இருக்கணும். பணக்கார நாட்டுக்காரன் ரெண்டாவது தடவை பண்ணிக்குவான், செவிலியர் வீட்டுக்கு வந்து பையை மாத்திட்டுப் போவாங்க. நம்மாளுக்கு அந்த வசதி இல்லை.

எங்க ஊர் சர்ஜனை நான் வில்லனாக்கலை. தனக்குத் தெரிஞ்சதை நேர்மையாப் பண்ணினார். "இது என்னால ஆகாது, அங்க போங்க"ன்னு சொல்றதுக்கு அங்கன்னு ஒரு இடம் பக்கத்துல இருக்கணும். அதை உருவாக்காத நம்ம மேல எனக்குக் கோபம், அதைக் கிண்டல் பண்ற நம்ம மேல இன்னும் கொஞ்சம் கோபம்.

யார் வீட்டுலயாவது இப்படி ஒண்ணு வந்தா, தயவுசெஞ்சு இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. வருஷத்துக்கு எத்தனை மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் பண்றீங்க? எம்ஆர்ஐ எடுத்தாச்சா? ஆபரேஷனுக்கு முன்னாடி ரேடியேஷன் தேவையான்னு மத்த டாக்டர்களோட உட்கார்ந்து பேசினீங்களா? நீங்க பண்ணின ஃபெலோஷிப் எத்தனை மாசம், அதுல உங்க கையால எத்தனை? நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

அப்பா இப்ப நல்லா இருக்கார். ரெண்டு வருஷமா எந்தக் கல்யாணத்துக்கும் போகலை, பந்தியில உட்கார பயம், சத்தம் வந்துடுமோன்னு. போன மாசம் எங்க மாமா பொண்ணு கல்யாணத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். கடைசி வரிசையில, ஓரமா, வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

நண்பரே, உங்க சித்தி பையன் நம்பர் இருந்தா தனிமடல்ல அனுப்புங்க. வாழ்த்து சொல்லணும்.

டிஸ்கி: மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ரத்தம் வந்தா, வெட்கத்தைப் பார்க்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. இதுக்கு மட்டும் கும்மி அடிக்காம பின்னூட்டம் போடுங்கப்பா, ப்ளீஸ்.