சார் ஒரு வழிப்பாதையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் காலை ஷிப்ட் நேரத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஐம்பத்தைந்து வயது காவலாளி, போன வாரம் சேர்ந்த இருபத்திரண்டு வயது அக்கவுண்ட்ஸ் டிரெய்னிக்கு "குட்மார்னிங் சார்" சொல்வார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது? "செக்யூரிட்டி, அந்த வண்டிய எடுக்கச் சொல்லு." அவருக்குப் பெயரே கிடையாது. கூடவே ஒருமை வேறு!

உள்ளே ரோலிங் மில்லில் இன்னும் மோசம். ஒடிசா, பீகார் ஆட்கள் அத்தனை பேரும் "பையா". இந்தியில் அதற்கு அண்ணன் என்று பொருள். அண்ணன் என்ற சொல்லையே அதட்டலாக மாற்றிய பெருமை நம்முடையது.

"சார்னு சொன்னா என்ன குறைஞ்சிடும், மரியாதைதானே" என்பார்கள். சரி, மரியாதைதான். அப்படியானால் அது ஏன் திரும்பி வருவதில்லை? கீழிருந்து மேலே மட்டும் போகிற மரியாதைக்கு வேறு பெயர் உண்டு.

ஸ்பானிய மொழியில் 'தோன்' என்ற அடைமொழி ஒரு காலத்தில் பிரபுக்களின் சொத்து. பிறகு அது இறங்கி வந்து சாதாரண ஆளின் பெயருக்கு முன்னாலும் உட்கார்ந்தது. நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறதே! 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகு அரசுத் தாள்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி வந்தன. (கல்யாணம் ஆனதா என்று பெண்ணை மட்டும் கேட்கும் வழக்கம் அப்போதும் போகவில்லை, அது தனிச் சண்டை.) இன்று அந்தத் 'திரு' கல்யாணப் பத்திரிகையோடு நின்றுவிட்டது.

பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் பஞ்சாயத்து 2021-இல் தன் அலுவலகத்தில் சார், மேடம் இரண்டையுமே தூக்கிவிட்டது. சிப்காட்டில் அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம்.

ஆலையில் அவசரம், ஒழுங்கு, அதனால் அதட்டித்தான் ஆக வேண்டும் என்பது அடுத்த சாக்கு. உண்மையில் ஆபத்தே அங்கேதான். நாள் முழுக்க "டேய்" கேட்கிறவன், கிரேன் சங்கிலி தேய்ந்திருப்பதைக் கண்டாலும் சூப்பர்வைசரிடம் வாய் திறப்பானா? திறந்து திட்டு வாங்குவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்றுதான் நினைப்பான். சங்கிலி அறுந்தால் அடியில் நிற்பதும் அவனேதான்.

ஒப்பந்தத் தொழிலாளியின் அடையாள அட்டையில் பெயருக்கு முன்னால் 'திரு' அச்சடிக்க எவ்வளவு ஆகும்? காமர்ஸ் படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். காவலாளியை "அண்ணே, நீங்க" என்று கூப்பிட அந்தச் செலவும் இல்லை.