ஹோட்டல் சாப்பாடா, வீட்டுச் சமையலா? ஸ்டூடன்ட் ரூம்ல கத்துக்கிட்ட கணக்கு



போன வீடியோவுல மாசச் செலவைப் பிரிச்சுப் பார்க்கிறது எப்படின்னு பேசியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "சார், வெளில சாப்பிடுறதை நிறுத்தினா எவ்வளவு மிச்சம் ஆகும்?"

நிறுத்த வேண்டாம். இதுதான் என் பதில். ஒரு சிஏ இப்படிச் சொல்றது சிலருக்கு ஆச்சரியமா இருக்கலாம். வெளில சாப்பிடுறது தப்புன்னு நான் நினைக்கல. எந்தச் சாப்பாட்டுக்கு எதுக்காகக் காசு கொடுக்கிறோம்னு தெரியாம சாப்பிடுறதுதான் பிரச்னை. அது தெரிய ஒரு நல்ல வழி இருக்கு. ஹோட்டல்ல பிடிச்ச ஒரு ஐட்டத்தை வீட்ல ஒரு தடவை செஞ்சு பாருங்க. படிக்கிற காலத்துல காசு இல்லாததால நம்மில் பலர் இதைச் செஞ்சிருப்போம். முதல் சம்பளம் வந்த மாசமே விட்டுட்டோம்.

அந்த ஒரு கோடி கணக்கை ஓரமா வைங்க

"வெளில சாப்பிடுற 3,000 ரூபாயை எஸ்ஐபி-ல போட்டா 30 வருஷத்துல ஒரு கோடி!" இந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. கணக்கு தப்பில்ல. மாசம் 3,000 ரூபாய், வருஷத்துக்கு 12% வருமானம், 30 வருஷம் போட்டா ஒரு கோடியைத் தாண்டும்.

ஆனா அவங்க சொல்லாத மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, 12% யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரெண்டு, விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறுதுன்னு வச்சா அந்த ஒரு கோடியோட இன்றைய மதிப்பு ஏறத்தாழ 18 லட்சம்தான். மூணாவதுதான் முக்கியம்: பிரியாணி சாப்பிடாம விட்ட 200 ரூபாய் தானா நடந்து மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகாது. அக்கவுண்ட்லயே கிடந்து வேற ஏதாவது செலவுல கரைஞ்சிடும்.

24 வயசுல நண்பர்களோட உட்கார்ந்து சாப்பிடுறதை 54 வயசுக்குத் தள்ளிப் போடச் சொல்ற ஆலோசனையை நான் என் கிளையண்ட் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

3,000 ரூபாய் ஸ்டைபெண்ட்ல 4 பேர்

நான் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணும்போது ஸ்டைபெண்ட் மாசம் 3,000 ரூபாய். சென்னையில ஆடிட் ஆபீஸ்ல வேலை பார்த்த பசங்க நிறைய பேர் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்ல இருந்தாங்க. அங்கே பெரும்பாலும் ரூம்ல சமைக்க விட மாட்டாங்க. நாங்க 4 பேர் சேர்ந்து சைதாப்பேட்டையில ஒரு ஒத்தை ரூம் வீடு எடுத்தோம். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு கடாய். அவ்வளவுதான் சொத்து.

ஸ்டைபெண்ட் வந்த வாரம் ஒரு தடவை வெளில சாப்பிடுவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை அதையே ரூம்ல செய்யப் பார்ப்போம். எங்களோட இருந்த மதுரைக்காரர் ஒருத்தர் இதுல தெளிவா இருந்தாரு. "பரோட்டாவை கடையில வாங்குடா. கிரேவியை நாம வைப்போம்"னு சொல்லுவாரு.

அப்போ அது எனக்குச் சோம்பேறித்தனமாதான் பட்டுச்சு. அப்புறம் காஸ்டிங் பேப்பர்ல "நாமே தயாரிப்பதா, வெளியே வாங்குவதா" கணக்குப் போடும்போதுதான் அவர் சொன்னது புரிஞ்சுது. மாவு பிசைஞ்சு, ஊற வச்சு, வீசி, அடிச்சு ஒரு பரோட்டா போட்டா மிச்சமாகிறது பத்து ரூபாய் இருக்கும். அந்த லேயரும் வராது. பரோட்டா மாஸ்டரோட கைக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம். அது நியாயமான விலை. கிரேவி அப்படி இல்ல. கால் கிலோ சிக்கன், வெங்காயம், தக்காளி, சோம்பு, தேங்காய் அரைச்சு ஊத்தினா ஹோட்டல்ல ஒரு பிளேட்டுக்குக் கொடுக்கிற காசுல ரெண்டு பேர் வயிறார சாப்பிடலாம்.

மூணு ஐட்டம், மூணு பதில்

கீழே இருக்கிறது உதாரணக் கணக்கு. உங்க ஏரியா விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

*1. முட்டை ஃப்ரைடு ரைஸ்: வீட்ல செய்யுங்க*

ரெண்டு பிளேட்டுக்கு:
- அரிசி 200 கிராம்: 14 ரூபாய்
- முட்டை 3: 20 ரூபாய்
- கேரட், பீன்ஸ், கோஸ், வெங்காயத்தாள்: 20 ரூபாய்
- எண்ணெய்: 8 ரூபாய்
- சோயா சாஸ், மிளகுத்தூள்: 5 ரூபாய்
- கேஸ்: 5 ரூபாய்

மொத்தம் 72. ஒரு பிளேட் 36 ரூபாய். கடையில 100 ரூபாய்க்குக் குறைஞ்சு கிடைக்கிறது கஷ்டம்.

"வீட்ல செஞ்சா குழைஞ்சு போகுதே"ன்னு கேட்பீங்க. கடைக்காரர் சாதத்தை முன்கூட்டியே வடிச்சு ஆற வச்சிடுவாரு. ஈரம் போன சாதம்தான் உதிரியா வரும். ராத்திரி மிஞ்சின சாதத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் எடுங்க. தீயை முழுசா வைங்க. ஒரு நேரத்துல ஒரு பிளேட் மட்டும் போடுங்க. 4 பேருக்கு மொத்தமா கடாய்ல கொட்டினா கடாய் சூடு இறங்கி சாதம் வேக ஆரம்பிச்சுடும், வறுபடாது.

*2. சிக்கன் பிரியாணி: ஆள் இருந்தா வீட்ல, தனியா இருந்தா கடையில*

1 கிலோ சிக்கன் 250, 1 கிலோ சீரக சம்பா 140, வெங்காயம் தக்காளி 60, எண்ணெய் நெய் 70, தயிர் புதினா மல்லி இஞ்சி பூண்டு 60, மசாலா 25, கேஸ் 15. ஆக 620 ரூபாய். 6 பேர் சாப்பிட்டா ஆளுக்கு 103 ரூபாய். கடையில பிளேட் 200-ன்னு வச்சா 6 பேருக்கு 1,200. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மிச்சம்.

தனி ஆளுக்கு இந்தக் கணக்கு ஓடாது. புதினா ஒரு கட்டு, மல்லி ஒரு கட்டு, தயிர் ஒரு பாக்கெட்னு எதையுமே ஆறுல ஒரு பங்கா வாங்க முடியாது. மிச்சம் வாடிப் போய் குப்பைக்குத்தான் போகும். பிரியாணிக் கடைக்காரருக்கு ஒரு அண்டாவுக்கு ஆகிற விறகும் உழைப்பும் நூறு பிளேட்டுக்குப் பிரியும். நம்ம ரூம்ல மூணு மணி நேரமும் ஒரே பிளேட் மேல விழும். ஞாயித்துக்கிழமை ரூம்மேட்ஸ் எல்லாரும் இருந்தா அடுப்பு பத்த வைங்க. இல்லேன்னா நல்ல கடையில ஒரு பிளேட் வாங்கிச் சந்தோஷமா சாப்பிடுங்க.

*3. பன்னீர் பட்டர் மசாலா: பாதி பாதி*

ரொட்டியோ நானோ கடையில வாங்குங்க. தந்தூரி அடுப்பு நம்மகிட்ட இல்ல. கிரேவியை வீட்ல வைங்க. 200 கிராம் பன்னீர், தக்காளி, வெங்காயம், முந்திரி, வெண்ணெய் எல்லாம் சேர்த்து 160 ரூபாய் ஆகும். அது ஹோட்டல் அளவுக்கு ரெண்டு கிண்ணம் வரும். ஹோட்டல் ருசிக்கு முந்திரி விழுது, கடைசியில கசக்கிப் போடுற கசூரி மேத்தி, ஒரு சிட்டிகை சர்க்கரை, அப்புறம் நாம போடத் தயங்குற அளவு வெண்ணெய் போதும். ஒரு தடவை கையால அந்த வெண்ணெயைப் போட்டுப் பார்த்தா, வாரம் நாலு தடவை ஆர்டர் பண்ற எண்ணம் தானா குறையும்.

பெரிய ஓட்டை ஹோட்டல்ல இல்ல

ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டு யாரோட பட்ஜெட்டும் பெருசா கவிழ்ந்து நான் பார்த்ததில்ல. ரூம்ல தனியா படுத்துக்கிட்டே ராத்திரி பத்து மணிக்குப் பண்ற ஆர்டர்லதான் கவிழுது.

அதே முட்டை ஃப்ரைடு ரைஸ். கடையில 150 ரூபாய் போட்டிருக்கிற ஐட்டம் ஆப்ல 180-ன்னு இருக்கும். பல கடைகள்ல ரெண்டு இடத்துலயும் ஒரே விலை இருக்காது. பேக்கிங் 15. ரெண்டுக்கும் 5% ஜிஎஸ்டி. டெலிவரி 35. பிளாட்பார்ம் கட்டணம் 12. இந்த ரெண்டுக்கும் 18% ஜிஎஸ்டி. கூட்டிப் பாருங்க, 260 ரூபாய். வீட்ல அது 36 ரூபாய் சமாச்சாரம்.

பிளாட்பார்ம் கட்டணம் 2023-ல ஸ்விக்கி, சொமேட்டோ ரெண்டுலயும் வெறும் 2 ரூபாயாதான் ஆரம்பிச்சுது. யாரும் கண்டுக்கல. இப்போ பத்தைத் தாண்டியாச்சு.

பிஜி-ல இருக்கிறவங்க இன்னொண்ணு கவனிங்க. வாடகையோட சாப்பாட்டுக்கும் சேர்த்துதான் கட்டுறீங்க. மெஸ்ல உப்புமான்னு தெரிஞ்சு நீங்க ஆர்டர் பண்ற ஒவ்வொரு தடவையும் ஒரே வேளைக்கு ரெண்டு தடவை காசு கொடுக்கிறீங்க. மாசத்துல 15 ராத்திரி இப்படிப் போகுதுன்னா, சாப்பாடு இல்லாத பிஜி-க்கு மாறி ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வச்சுக்க முடியுமான்னு ஓனர்கிட்ட கேளுங்க.

வெளில போய்ச் சாப்பிடும்போதும் பில்லைப் படிங்க:
- சாதாரண ரெஸ்டாரன்ட்ல ஜிஎஸ்டி 5%. காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற சின்ன ஹோட்டல்கள் உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. அதை அவங்க பில்லுலயே குறிப்பிட்டிருக்கணும்.
- சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சுல டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி பண்ணியிருக்கு. பில்லுல தானா சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லுங்க. சர்வர் அண்ணனுக்குக் கொடுக்கணும்னு தோணினா அவர் கையிலயே கொடுங்க.

"என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா?"

இது நியாயமான கேள்வி. "மணிக்கு 300 ரூபாய் சம்பளம் வாங்குறேன், ஒரு மணி நேரம் சமைச்சு 200 ரூபாய் மிச்சம் பண்ணா எனக்கு நஷ்டம்தானே?"

அந்த ஒரு மணி நேரத்துக்கு யாராவது உங்களுக்குக் காசு தர்றாங்களா? தர்றாங்கன்னா ஆர்டர் பண்ணுங்க, தப்பே இல்ல. மாசச் சம்பளக்காரங்களுக்கு ராத்திரி எட்டரை மணிக்கு மேல பெரும்பாலும் யாரும் தர்றதில்ல. அந்த நேரம் ரீல்ஸுக்குப் போகுது. ஆர்டர் வர்ற வரைக்கும் காத்திருக்கிற 40 நிமிஷத்துல ஃப்ரைடு ரைஸ் செஞ்சு சாப்பிட்டே முடிச்சிடலாம்.

அதே சமயம் உடம்பு முடியலன்னா, ஆபீஸ்ல ஆடிட் சீசன்னா, நாளைக்குப் பரீட்சைன்னா சமைக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆப் இருக்கிறதே அந்த மாதிரி நாளுக்குத்தான்.

இந்த மாசம் பண்ண வேண்டியது

1. போன மாச ஆர்டர் ஹிஸ்டரியைத் திறங்க. அதிகமா வாங்கின 3 ஐட்டத்தை எழுதுங்க.
2. அதுல எதுக்குத் தனித் திறமையோ, பெரிய அண்டாவோ, தந்தூரி அடுப்போ வேணும்னு பாருங்க. அதைக் கடையிலயே வாங்குங்க.
3. மிச்சத்துல ஒண்ணே ஒண்ணை இந்த ஞாயித்துக்கிழமை செய்யுங்க. அதுக்காக 600 ரூபாய்க்கு சாஸ் பாட்டிலும் மசாலா டப்பாவும் வாங்கிக் குவிக்காதீங்க. இருக்கிறதை வச்சு ஆரம்பிங்க. கெடாத பொருளை மட்டும் சின்ன பாக்கெட்டா வாங்குங்க.
4. ஒவ்வொரு தடவை வீட்ல செய்யும்போதும் மிச்சமான தொகையை அன்னைக்கே ஒரு தனி அக்கவுண்டுக்கு மாத்துங்க. மாத்தாத வரைக்கும் அது மிச்சம் இல்ல.
5. அந்த அக்கவுண்ட்ல இருந்து கால் பங்கை மாசம் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்க. அப்பா அம்மா ஊர்ல இருந்து வரும்போது விலைப் பட்டியலோட வலது பக்கத்தைப் பார்க்காம ஆர்டர் பண்ண அந்தக் காசு இருக்கட்டும்.

இதை இப்போ படிக்கிற ஆர்ட்டிகிள் பசங்க, காலேஜ் பசங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பொருளோட விலையில சரக்கு எவ்வளவு, உழைப்பு எவ்வளவு, வாடகை எவ்வளவு, உங்க சோம்பேறித்தனத்துக்கான கட்டணம் எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கிற பழக்கம், நாளைக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி வாங்கும்போதும் கார் லோன் எடுக்கும்போதும் உதவும். ரூம்ல ஒரு கடாய் இருந்தா அதை இப்பவே பழகிடலாம்.

நீங்க வீட்ல செஞ்சு பார்த்த ஹோட்டல் ஐட்டம் எது, எவ்வளவு ஆச்சுன்னு கணக்கோட கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதுல அஞ்சு எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம்.