செற்றில் ஆன பிறகா வாழ்க்கை?

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவருக்கு எங்கள் ஆட்கள் தவறாமல் சொல்லும் புத்தி ஒன்று உண்டு: "முதல்ல செற்றில் ஆகு தம்பி, மற்றதெல்லாம் பிறகு." படித்தவர்கள் இதற்கு உளவியலையும் சாட்சிக்கு இழுப்பார்கள். ஏப்ரகாம் மாஸ்லோவின் பிரமிட்டு: அடியில் உணவும் உறைவிடமும், மேலே பாதுகாப்பு, பிறகு அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னை முழுதாக மலர்த்துதல். கீழ்ப்படி நிரம்பாமல் மேற்படியில் கால் வைக்க முடியாதாம்.

மாஸ்லோ அப்படியா சொன்னார்? 1943இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் ஐந்து தேவைகளும் உண்டு, பிரமிட்டு இல்லை. அதைப் பின்னாளில் வரைந்தவர்கள் நிர்வாகவியல்காரர்கள். ஒன்று முழுக்க நிறைந்தால்தான் அடுத்தது தலைகாட்டும் என்பதை அவரே மறுத்தார். சராசரி மனிதருக்கு உடற்தேவை 85 வீதம், பாதுகாப்பு 70 வீதம், அன்பு 50 வீதம் நிறைந்திருக்கலாம் என்று உத்தேசக் கணக்கொன்றும் போட்டுக் காட்டினார். வரிசை தலைகீழாகும் ஆட்களையும் பட்டியலிட்டார்.

வீடும் வேலையும் முதலில், உறவு பிறகு என்கிறார்கள். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 1960களில் பெரும்பாலும் தனியாட்களை எண்ணிக் கட்டிய 19 அடுக்குமாடிகள் அவை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அங்கே வந்திறங்கிய எம்மவர் பலருக்கு முதல் படுக்கை, மச்சானோ ஊர்க்காரரோ ஹோலில் விரித்த பாய். வேலைக்குக் கூட்டிப்போனவரும் அவரே. கனடாவுக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்குக் கொடுக்கப் பட்ட கடனை அடைக்கச் சீட்டுப் பிடித்தார்கள்; அந்தச் சீட்டுக்குப் பிணை, ஆளை ஆள் தெரியும் என்பதுதான். கூரை கிடைத்ததே உறவால்.

கையில் மிஞ்சினால்தான் பிறரை நினைப்பார்கள் என்பது அடுத்த வாதம். உணவகத்தில் கோப்பை கழுவியவர், நல்ல ஜக்கெற் வாங்குவதை அடுத்த குளிருக்குத் தள்ளிவிட்டு, அம்மாவின் மருந்துக்கும் தங்கச்சியின் சீதனத்துக்கும் உண்டியலில் காசு அனுப்பினார். அது கடமை, விருப்பமல்ல என்று மடக்கலாம். ஆனால் கடமையிலும் இரண்டு வகை உண்டு. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் வகுத்த கோட்பாட்டின் பெயர் சுயநிர்ணயம். அரசியலில் எமக்குப் பழகிய சொல்தான். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் செய்வதையும், இது என் பொறுப்பு என்று மனம் ஏற்றுச் செய்வதையும் அந்தக் கோட்பாடு பிரித்துப் பார்க்கிறது. முன்னது ஆளை அரிக்கும். பின்னது இரவு வேலையையும் தாங்க வைக்கும். எங்கள் ஆட்களிடம் இரண்டும் கலந்தே இருந்தன. ஆனால் இரண்டுமே வயிறு நிரம்பும்வரை காத்திருக்கவில்லை.

அப்படியானால் வயிறும் கூரையும் பெரிதில்லையா? பெரிதுதான். 2018 ஓகஸ்ட்டில் அதே சென் ஜேம்ஸ் ரவுணில், 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் தீப்பிடித்தது; 1,500க்கும் மேற்பட்டோர் ஒரு வருடம் கடந்தும் தங்கள் வீடுகளுக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். அவர்களிடம் போய் உறவு போதும் என்பது கொடுமை. 123 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து லூயிஸ் ரேயும் எட் டீனரும் 2011இல் வெளியிட்ட முடிவு இரு பக்கத்துக்கும் நியாயம் செய்கிறது: அடிப்படைத் தேவைகள் பொதுவாக முன்னதாக நிறைகின்றன, ஆனாலும் உறவும் மதிப்பும் தரும் நிறைவு, அந்த அடிப்படைகள் நிறையும்வரை ஒத்திப்போடப்படுவதில்லை.

ஒத்திப்போடச் சொல்பவர்கள் நாங்கள்தான். வேலை கிடைத்தால் வீடு, வீடு வாங்கினால் மோர்கேஜ், பிறகு பிள்ளைகளின் படிப்பு என்று செற்றில் ஆகும் நாள் தள்ளித் தள்ளிப் போகும். தம்பிக்கு வேலை தேடிக் கொடுங்கள். அந்த வாரச் சனிக்கிழமையே கிரிக்கெட்டுக்கும் கூட்டிப்போங்கள்.