தலைச்சுற்றும் தொழிலுரிமையும்

காய்ச்சற்காரனுக்கு வெப்பமானி சாட்சி சொல்கின்றது. காலொடிந்தவனுக்கு அவன் காலிலுள்ள கட்டே சாட்சி. ஆனால், மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் தலைச்சுற்றினாலும் நிலைதளர்வினாலும் வருந்தும் ஒருவருக்கு அவரது வாய்ச்சொல்லன்றி வேறு சாட்சியில்லை என்றே உலகம் எண்ணிக்கொண்டிருக்கின்றது. ஆதலால் அவரை ஐயுறுவது மிக எளிதாயிற்று. கந்தோரில் அவர் சாட்டுச் சொல்லி லீவு எடுப்பவர். வீட்டிலே பயந்த சுபாவமுடையவர். பெண்ணாயின் இரத்தக்குறைவு, பித்தம், நரம்புத் தளர்ச்சி என ஏதேனுமொரு பெயர் ஆயத்தமாக இருக்கின்றது. வெறிகாரனைப் போலத் தள்ளாடுகிறார் என்று வீதியிலே நகைப்போரும் உளர். பெயரொன்றைச் சூட்டிவிட்டால், மேற்கொண்டு சிந்திக்கும் கடமையிலிருந்து சமூகம் தன்னை விடுவித்துக்கொள்கிறது.

இதனை அறியாமையென்று மன்னித்துவிட முடியாது. அறிவு எப்பொழுதோ வந்துவிட்டது. 1861 இல் பரிஸ் நகரிலே, செவிப்புலனற்றோர் நிறுவனத்தின் வைத்தியராயிருந்த புரொஸ்பர் மெனியர், கேள்விக்குறைவோடு கூடி வரும் தலைச்சுற்று மூளையில் இரத்தம் தேங்குவதால் உண்டாவதன்று, உட்செவியிலே பிறப்பது என எடுத்துக்காட்டினார். அந்நாளில் அத்தகைய நோயாளரின் உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றுவதே வைத்தியமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் வியன்னாவிலே ரொபேர்ட் பாராணி, காதினுள் குளிர்நீரையும் சுடுநீரையும் செலுத்தி, விழிகள் துடிக்கும் பாங்கைக் கொண்டு எக்காதின் சமநிலையுறுப்புப் பழுதுற்றது என்பதை அறியும் வழியை வகுத்தார். 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி எட்டியபோது அவர் ருஷ்யாவிலே போர்க்கைதியாயிருந்தார். ஆக, தலைச்சுற்றுக்கும் சாட்சி உண்டு. நோயாளியின் கண்ணே பல வேளைகளில் அச்சாட்சி. அதைப் பார்ப்பதற்குத்தான் எவருக்கும் பொறுமையில்லை.

எல்லா நோயாளரிடத்தும் கண் இவ்வாறு சாட்சி சொல்வதில்லை என்பது மெய்யே. உட்செவியின் அரைவட்டக் கால்வாய்கள் மூன்றும், அவற்றையடுத்துள்ள சிறுபைகள் இரண்டும், கண்ணும், தசைமூட்டுகளின் உணர்வும் தரும் செய்திகளை ஒப்புநோக்கியே மூளை உடலை நிறுத்துகின்றது. உறுப்புகள் பழுதற்றிருந்தும் இவ்வொப்புநோக்கல் குழம்பிப்போவதுண்டு. பாராணியின் பெயராலேயே அமைந்த பன்னாட்டுச் சங்கம், மூன்று மாதங்களோ அதற்கு மேலோ பெரும்பாலான நாள்களில் நீடிக்கும் இத்தகைய நிலைதளர்வை ஒரு தனி நோயாக 2017 இல் வரையறுத்தது. நிற்கையிலும், நடக்கையிலும், சனநெருக்கடி மிக்க கடைவீதியைப் பார்க்கையிலும் அது மிகும். பரிசோதனையிலே ஒன்றும் காணப்படவில்லையென்றால் ஒன்றும் இல்லையென்றே பொருள் கொள்வோர், ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் மெனியருக்கு முந்திய காலத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றனர்.

ஏளனத்தைக் காட்டிலும் பெருந்தீங்கு விளைப்பது இரக்கம். "பேசாமற் படு, அசையாதே, வேலையை விட்டுவிடு" என்பது அன்பின் மொழியாகவே ஒலிக்கின்றது. மருத்துவ அறிவோ இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. ஒரு காதின் சமநிலையுறுப்புச் சிதைந்தால், மிஞ்சியுள்ள புலன்களைக் கொண்டு நிற்கவும் நடக்கவும் மூளை புதிதாகக் கற்கின்றது. அசைவில்லாத இடத்தில் அக்கல்வி நிகழ்வதில்லை. 1940களில் இங்கிலாந்தில் கோதோன், குக்சி என்னும் இருவர் வகுத்த பயிற்சிகள் இவ்வடிப்படையிலேயே எழுந்தவை. விழியை உருட்டல், தலையைத் திருப்பல், குனிந்து நிமிர்தல், பந்தை எறிந்து பிடித்தல், சரிவிலும் படியிலும் ஏறியிறங்கல் எனத் தலைச்சுற்றை வேண்டுமென்றே வரவழைத்து வரவழைத்து மூளையைப் பழக்குவது அவற்றின் முறை. சுற்றலை அடக்கும் குளிசைகள் முதற்சில நாள்களுக்கு உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் அவையே மூளையின் கல்விக்குத் தடையாகின்றன. இன்னொரு வகைத் தலைச்சுற்று, சிறுபையிலிருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணகப் பளிங்குகள் கால்வாய்க்குள் நழுவுவதால் வருவது. நோயாளியைக் கட்டிலிற் கிடத்தித் தலையை முறைப்படி திருப்பி அவற்றை மீண்டும் சிறுபைக்குள் சேர்க்கும் முறையை அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி கண்டார். 1992 இல் அதனை விரிவாக வெளியிட்டார். அது சில நிமிட வேலை. பொறியொன்றும் வேண்டியதில்லை. அதனை அறியாது ஆண்டுக்கணக்கிற் குளிசையோடு காலந்தள்ளுவோர் எத்துணைப் பேர்!

நிரந்தர இழப்புற்றோரின் நிலையும் நோக்கத்தக்கது. காசநோயைத் தீர்த்த ஸ்ரெப்ரோமைசின் பலரது சமநிலையுறுப்பையும் உடன் அழித்தது. அவ்வாறு பாதிக்கப்பட்ட வைத்தியரொருவர் தம் அனுபவத்தை 1952 இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் எழுதினார். நாடித்துடிப்பினாற்கூட எழுத்துகள் குதித்தமையால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளிரண்டுக்கிடையே தலையை இறுக வைத்துக்கொண்டு வாசித்தாராம். கண்ணையும் தசையுணர்வையும் துணைக்கொண்டு நடமாட அவர் பின்னர் பழகினார். சோம்பேறி எவனும் இத்துணை உழைப்பான் என்று தோன்றவில்லை.

இனித் தொழிலிடத்துக்கு வருவோம். மருத்துவச் சான்றிதழ் அறிந்த சொற்கள் இரண்டு: வேலைக்குத் தகுதியுடையவர், தகுதியற்றவர். நாட்பட்ட தலைச்சுற்றுடையோர் இவ்விரண்டிலும் அடங்கார். திங்களன்று அவர் முழுநாளும் உழைப்பார். செவ்வாயன்று சுவரைப் பிடித்து நடப்பார். கரும்பலகைக்கும் மாணவருக்கும் இடையே நிமிடந்தோறும் திரும்பும் ஆசிரியைக்கு, இருந்து கற்பிக்க ஒரு கதிரை போதும். பேரேட்டிலும் கணினியிலும் மாறிமாறிக் கண்ணோட்டும் லிகிதருக்கு, மணிக்கொருமுறை எழுந்து விறாந்தையில் உலாவ அனுமதி போதும். கூடையை முதுகிற் சுமந்து மலைச்சரிவிற் கொழுந்து பறித்து, நிறையைக் கொண்டு கூலி பெறும் பெண்ணுக்கோ இவ்வளவு எளிதில் வழி கூற இயலாது. அவளுக்குச் சமதரையில் மாற்றுவேலை வேண்டும், கூலி குறையாதிருக்கவும் வேண்டும். தலைச்சுற்றுடையோர் பனையேறலாமா, பஸ் ஓட்டலாமா என வினவுவோர் உளர். கூடாதுதான். பனையேற முடியாதவர் எவ்வேலைக்கும் உதவார் என்பது எந்தத் தருக்கத்தின்பாற்பட்டது?

சட்டமும் இவர்களைக் காணவில்லை. அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்குமாறு 1988 இல் சுற்றறிக்கை வந்தது. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தாமே நிறைவு செய்ய இயலாதவரை வலுவிழந்தவரெனக் கொள்கின்றது. சமைத்துண்டு, உடுத்தி, பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்துவிடும் ஒருவர், அங்கே தலைசுற்றி விழுந்தாலும், இவ்வரையறைக்குள் வருவாரென எவ்வதிகாரி ஒப்புவார்? வலுவிழந்தோர் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. வேலையிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதை அச்சமவாயம் கடமையாகக் கொள்கிறது. அக்கடமையை இந்நாட்டு முதலாளிமார் நிறைவேற்ற வேண்டுமாயின், ஏறியிறங்கும் நோய்களையும் தன்னுள் அடக்குமாறு மேற்கூறிய வரையறை திருத்தப்படல் வேண்டும். சான்றிதழிலும் தகுதி, தகுதியின்மை என்பவற்றோடு, "இன்ன மாற்றங்களுடன் வேலை செய்யலாம்" என வைத்தியர் எழுதுவதற்கு ஒரு வரி இடப்படல் வேண்டும்.