இட்டலிங்கமும் தேர்தற் கணக்கும்

குருவினிடத்துத் தீக்கை பெற்று, அவர் அருளிய இட்டலிங்கத்தை உடலினின்று ஒருபோதும் நீக்காது தரித்து, அங்கையில் வைத்துப் பூசித்தல் வீரசைவர் ஒழுக்கமாம். சித்தாந்த சைவர்க்கும் அவர்க்கும் கொள்கையிற் சில வேற்றுமைகள் உளவேனும், இருதிறத்தாரும் சிவபரத்துவங் கொண்டவரே. கன்னடத்துச் சாமரசர் இயற்றிய பிரபுலிங்கலீலையைத் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் தமிழில் ஆக்கித் தந்தமையால், அவர் மரபு தமிழ்ச் சைவர்க்குப் புதியதன்று. ஆதலின், கருநாடக நாட்டில் அவ்விலிங்கதாரிகளைத் தேர்தற் கணக்கர் படுத்தும் பாடு தமிழ்ச் சைவரும் நோக்கற்பாலதேயாம்.

இலிங்காயத்தார் வாக்கு மடாதிபதிகளின் கையது என்றும், அவர் காட்டிய திசையில் மந்தைபோற் செல்வது என்றும் அரசியற் புலவர் பலர் எழுதுகின்றனர். நடந்த வரலாறு இக்கூற்றை மறுக்கின்றது. 1989ஆம் ஆண்டில், இலிங்காயத்தாராகிய வீரேந்திர பாட்டீல் தலைமையிற் காங்கிரஸ் கட்சி 224 இடங்களுள் 178 இடங்களை வென்றது. மறு ஆண்டு அக்டோபரில், அவர் நோயுற்றிருந்த காலத்து, அவரை நீக்கி வேறொருவரை முதன் மந்திரியாக்குவதாக ராஜீவ் காந்தி பெங்களூர் விமான நிலையத்தில் நின்றவாறே அறிவித்தார். 1994ஆம் ஆண்டில் அக்கட்சி பெற்றவை 34 இடங்களே. பிற காரணங்களும் உளவேனும், இலிங்காயத்தார் மனம் புண்பட்டு நீங்கியமையே தலையாய காரணமென்பது அந்நாட்டார் யாவரும் அறிந்தது. அவரை நீங்கச் செய்தது எம்மடத்து ஆணை? தம்மவர் ஒருவர் நோய்ப்படுக்கையில் இழிவுபடுத்தப்பட்டார் என்னும் மானவுணர்ச்சியேயன்றி வேறில்லை.

இன்னுங் கேட்க. அவ்விலிங்காயத்தாருட் பலர் தம் தலைவராக நெடுங்காலம் போற்றிய இராமகிருஷ்ண ஹெக்டே பிராமணர், இலிங்கதாரியல்லர். அவர் 1998ஆம் ஆண்டில் பாரதீய ஜனதா கட்சியோடு உடன்பாடு செய்துகொண்டதே அம்மக்களை அக்கட்சியின்பால் ஈர்த்த வழிகளுள் ஒன்றாயிற்று. 2008ஆம் ஆண்டில் எடியூரப்பாவை முன்னிட்டு அக்கட்சி 110 இடங்களைப் பெற்றது. அவரே பிரிந்து தனிக்கட்சி கண்டு 2013இல் நின்றபோது கிடைத்தவை ஆறு இடங்கள். அவர் விட்டு நீங்கிய கட்சியும் 40 இடங்களாகத் தேய்ந்தது. இலிங்கமே வாக்கின் திசையை வகுப்பதாயின், இலிங்கதாரியாகிய அவர் ஆறிடத்தோடு நின்றது என்னை? உழவு, நீர், விலைவாசி, பதவி, மானம் என்பனவே அம்மக்களை இழுத்தன. இவற்றைச் சமயப்பற்றென்று பெயரிடுவது சமயத்தின்மேற் பழி சுமத்துவதேயாம்.

எனினும் 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தேர்தலுக்கு ஏறத்தாழ எட்டு வாரமே எஞ்சியிருந்தபோது, சித்தராமையாவின் மந்திரி சபை இலிங்காயதம் தனிச்சமயமென்று ஏற்று மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது. வீரசைவமும் இலிங்காயதமும் ஒன்றோ வேறோ, ஐந்து ஆசாரியர் வழி பழையதோ, பசவண்ணரே முதலோ என்பன பெரிய வினாக்கள். வசனங்களையும் ஆகமங்களையும் எதிரெதிர் வைத்து, கலியாணத்து அனுபவ மண்டபம்போன்ற ஓர் அவையில் அறிஞர் ஆண்டுக்கணக்கில் ஆராயற்பாலன. அவற்றை மந்திரிகள் ஒரு கூட்டத்தில் முடித்துவிட்டனர்!

சமணர்க்கு 2014ஆம் ஆண்டில் அரசு சிறுபான்மைத் தகுதி அளித்ததே, இலிங்காயத்தார்க்கு அளித்தல் மட்டும் குற்றமோ எனின், அற்றன்று. சமணம் தனிச்சமயமாதல் அரசாணையால் வந்ததன்று. ஈண்டோ சமயத்தின் வேற்றுமையே ஆணையால் பிறக்க வேண்டியதாயிற்று. மேலும், சிறுபான்மைத் தகுதியாவது யாது? அரசியல் அமைப்பின் 30ஆம் பிரிவின்படி கல்விக்கூடங்களை நிறுவி ஆளும் உரிமையும், அதனோடொட்டிய சில விலக்குகளுமாம். இலிங்காயத்து மடங்களும் சங்கங்களும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் மிகப் பலவாக நடத்துகின்றன. அவற்றிற்கு அவ்வுரிமை பெரும் பயனுடையது. அப்பயனை வேண்டுவோர் அதனை வெளிப்படையாகவே வேண்டட்டும், குற்றமில்லை. கல்லூரியிடத்தைக் கருதிக்கொண்டு பசவண்ணர் திருப்பெயரை முன்னிறுத்துவதே பொருந்தாத செயல்.

பசவண்ணரும் பிச்சளன் அவையில் மந்திரியாய் இருந்தவரன்றோ எனச் சிலர் வினவுவர். இருந்தார். அடியார் கூட்டமும் அரசும் முரணியவழி, பதவியையும் கலியாணத்தையும் துறந்து கூடல சங்கமத்திற்கு ஏகினார் என்பதையும் அவர் வரலாறு கூறுமே! அப்பகுதியைத் தேர்தல் மேடையில் எடுத்துரைப்பார் இலர்.

விளைவு யாதாயிற்று? 122 இடங்களோடிருந்த காங்கிரஸ் 80 இடங்களுக்கு இறங்கியது. பாரதீய ஜனதா 104 பெற்றது. பரிந்துரையை மத்திய அரசும் ஏற்றிலது. அவ்வாண்டு அக்டோபரில் அக்கட்சியின் மந்திரியாகிய டி. கே. சிவகுமாரே, சமய விஷயத்தில் தம் அரசு தலையிட்டது பெரும்பிழையென்று பொதுமேடையில் மன்னிப்புக் கோரினார். தேர்தல் முடிந்தபின் வந்த அறிவு!

மறுபக்கத்தாரும் தூயரல்லர். 2021ஆம் ஆண்டு ஜூலையில் எடியூரப்பா பதவி விலகவிருந்தபோது, காவி உடுத்த துறவியர் பலர் அவர் மாளிகையில் திரண்டு, அவரை நீக்கின் கட்சிக்குக் கேடு வருமென எச்சரித்தனர். முற்றத் துறந்தார் முதன் மந்திரி நாற்காலிக்குக் காவலிருத்தல் எந்த வசனத்திற் கூறப்பட்ட தொண்டோ, அறிகிலம் என்பாரைக் குறைகூற வழியில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் பொம்மை மந்திரி சபை, முகம்மதியர்க்கிருந்த நூற்றுக்கு நான்கு இட ஒதுக்கீட்டை நீக்கி, இலிங்காயத்தார்க்கு இரண்டும் ஒக்கலிகர்க்கு இரண்டுமாகப் பகுத்தளிக்கத் துணிந்தது. பசித்தார்க்குப் பகிர்ந்துண்ணும் தாசோகத்தை விரதமாகக் கொண்ட கூட்டத்தாருக்கு, பிறர் இலையிலிருந்து எடுத்த சோற்றைக் கையுறையாக நீட்டினர். அடுத்து வந்த மே மாதத் தேர்தலில் அக்கட்சி 66 இடங்களே பெற்றது. காங்கிரஸ் 135 பெற்றது.

சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்டல் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழற் செயல். வேட்பாளர் சமயமேயன்றி வாக்காளர் சமயத்தைச் சுட்டிக் கேட்டலும் அதனுள் அடங்குமென, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் எழுவருள் நால்வர் தீர்ப்பளித்தனர். ஆயினும், தேர்தலை நோக்கி மந்திரி சபை செய்யும் தீர்மானத்தை அச்சட்டம் தொடுவதன்று. வாயாற் கேட்டவன் குற்றவாளி, ஆணையாற் கொடுத்தவன் அரசன்.

அந்த 2023ஆம் ஆண்டிலேயே, நிற்க இடம் மறுக்கப்பட்ட முன்னாள் முதன் மந்திரி ஜகதீஷ் ஷெட்டர் காங்கிரஸிற் சேர்ந்தார். இலிங்காயத்தார்க்கு இழைத்த அவமதிப்பு அதுவென்று மேடைதோறும் பேசப்பட்டது. தம் சொந்தத் தொகுதியாகிய ஹுப்ளியில் அவர் தோற்றார். 2024 ஜனவரியிற் பழைய கட்சிக்கே மீண்டார். கழுத்தில் இலிங்கத்தோடு வாக்களிக்க வந்த அவ்வூரார், அவருடைய போக்கையும் வரவையும் தம் வழிபாட்டோடு கூட்டி எண்ணவில்லை.