குடத்தில் விழாத ஓலைகள்

வரலாற்றுப் பாடத்தைச் சுவையாக்குவது பற்றிப் பேச்செடுத்தால், கதை சொல்லுங்கள், நாடகம் போடுங்கள், படம் காட்டுங்கள் என்ற யோசனைகள் வந்துவிடுகின்றன. எதுவும் தவறில்லை. ஆனால் விடையை முன்பே எழுதி வைத்துவிட்டு அதற்கு வேடம் கட்டுவதால் மட்டும் பாடம் உயிர்பெற்றுவிடாது. மாணவர் கையில் சான்றைக் கொடுக்க வேண்டும். கேள்வி அவர்களிடமிருந்தே எழ வேண்டும்.

குடவோலை முறையை எடுத்துக்கொள்வோம். 'சோழர் காலத்திலேயே தேர்தல் இருந்தது' என்ற பெருமிதத்தோடு இப்பாடம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, உத்திரமேரூர்க் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டின் விதிகளை எளிய தமிழில் வகுப்பில் படிக்கக் கொடுக்கலாம். வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை தகுதிகள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய மைத்துனருக்கும் இல்லை. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட, ஒரு சிறுவன் எடுப்பான்.

இதைப் படிக்கும் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள். இது தேர்தலா, திருவுளச்சீட்டா? மைத்துனர் என்ன தவறு செய்தார்? 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 921இல் 35 முதல் 70 வரை என்றானது ஏன்? அந்த நிலத்தை உழுதவரின் பெயர் எந்த ஓலையிலாவது இருந்திருக்குமா? பெண்களின் பெயர்? இது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்துச் சபையின் ஏற்பாடு என்றால், மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

இவற்றில் சிலவற்றுக்கு ஆசிரியரிடமும் முடிந்த விடை இருக்காது. இருக்கவும் வேண்டியதில்லை.

குடிமையியல் பாடமும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால், எத்தனை பேர் எவ்வளவு காலம் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பது பிள்ளைகளுக்கே புரியும்.

இப்படிக் கேட்கவிட்டால் நம் பெருமை குறைந்துவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி இன்றும் பெருமைக்குரியதே. ஆனால் கல்வெட்டைப் படித்தவருக்குத்தான் அது தெரியும். தலைப்பை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அதுவும் இல்லை.

மாற்றத்தை வினாத்தாளிலிருந்து தொடங்குவது நல்லது. 'குடவோலை முறை - குறிப்பு வரைக' என்பதற்குப் பதிலாகக் கல்வெட்டின் ஒரு பகுதியைக் கொடுத்து, 'இதில் யாருக்கு இடமில்லை? எப்படி அறிந்தாய்?' என்று கேட்கட்டும். வினா மாறினால் வகுப்பும் தானே மாறும்.